ஓர் எழுத்து குறைந்த பெயர்

இரண்டாம் ஆண்டு, கருவியியல் பிரிவு



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சுற்றறிக்கை வந்த அன்றைக்கே எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் என்று பெரிய பெயர்களையெல்லாம் சீனியர் அண்ணன்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் ஒரு பாட்டுக்காரரைக் கேட்டு வாங்கினேன். பெயர் பட்டி ஹாலி. என் பெஞ்ச் நண்பனிடம் சொன்னபோது, அது உசிலம்பட்டிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டான். ஊர் இல்லடா, ஆள் என்று விளக்குவதற்குள் பெல் அடித்துவிட்டது. அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இந்தப் பாடகர் எனக்கு அறிமுகமானதே அளவீட்டுக் கருவிகள் வகுப்பில்தான். சார் ஒருநாள் போர்டில் இரண்டு வட்டம் வரைந்தார். ஒன்றில் முள் நகரும், அளவு நிற்கும். இன்னொன்றில் முள் நிற்கும், அளவு நகரும். சொல்லுகிற விஷயம் ஒன்றுதான். ஆனால் ஒன்றில் பழகிய கண், அவசரத்தில் மற்றதைப் பார்த்தால் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் என்றார். 1959-இல் அமெரிக்காவில் ஒரு சின்ன விமானம் விழுந்ததற்கு இந்த மாதிரிக் குழப்பமும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது, இறந்தவர்களில் 22 வயதுப் பாடகர் ஒருவர் இருந்தார் என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். என்னால் போக முடியவில்லை. 22 வயது என்றால் என்னைவிட நாலே வயது கூட. அன்று சாயங்காலமே தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாநிலத்தில் லப்பக் என்று ஓர் ஊர். பருத்தி விளையும் சமவெளி, புழுதிக் காற்றுக்குப் பேர்போன இடம். அங்கே 1936-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் தேதி ஒரு சாதாரணக் குடும்பத்தில் நாலாவது பிள்ளையாகப் பிறந்தார். முழுப் பெயர் சார்லஸ் ஹார்டின் ஹாலி. இத்தனை சின்னப் பையனுக்கு இத்தனை பெரிய பெயரா என்று அம்மாவுக்குத் தோன்றியதால் வீட்டில் பட்டி என்று கூப்பிட்டார்கள். குடும்பப் பெயரான ஹாலி என்பதற்கு ஆங்கிலத்தில் ஆறு எழுத்து. ஐந்தாவதாக ஓர் 'ஈ' வரும். பறக்கிற ஈ இல்லை, எழுத்து. இந்த ஈயைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே, பின்னால் வேலை இருக்கிறது.

வீட்டில் எல்லோருக்கும் பாட்டு உண்டு. ஐந்து வயதில் பட்டியை ஒரு திறமைப் போட்டியில் ஏற்றினார்கள். கையில் ஒரு பொம்மை வயலின். பையனுக்கு வாசிக்கத் தெரியாதே என்று அண்ணன் லாரி ஒரு காரியம் செய்தார். கிறீச் சத்தம் வராதபடி வில்லில் கிரீஸ் தடவிவிட்டார்! தம்பி வயலினை இழுத்துக்கொண்டே பாட, ஐந்து டாலர் பரிசு கிடைத்தது. நம் ஒர்க்‌ஷாப்பில் கிரீஸுக்கு எத்தனையோ உபயோகம் சொல்லித் தருகிறார்கள். இதைச் சொல்லித் தரவில்லை.

பதினொரு வயதில் பியானோ கற்கப் போட்டார்கள், சில மாதத்தில் விட்டுவிட்டார். பிறகு கிதார். இன்னொரு அண்ணன் டிராவிஸ்தான் முதலில் கைவிரல் வைக்கக் கற்றுக்கொடுத்தார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு காரில் உட்கார்ந்து தூரத்து ரேடியோ நிலையங்களைத் திருப்பித் திருப்பிப் பிடிப்பாராம். அந்தக் காலத்தில் தெற்கு அமெரிக்க மாநிலங்களில் வெள்ளையருக்கு ஒரு பள்ளிக்கூடம், கறுப்பினத்தவருக்கு வேறு பள்ளிக்கூடம். பஸ்ஸில் வேறு இருக்கை, ஓட்டலில் வேறு வாசல். பாட்டுக்கும் அப்படித்தான் கடையில் தனித்தனி அலமாரி. ஆனால் ரேடியோ அலைக்கு இந்த வேலியெல்லாம் ஏது? கறுப்பினத்தவரின் தாளம் காரின் ரேடியோவில் வந்தது, வெள்ளைக்கார நாட்டுப்புறப் பாட்டு வீட்டில் இருந்தது. இரண்டும் கலந்த இடத்தில் பிறந்ததுதான் ராக் அண்ட் ரோல் என்கிற இசை. 1955-இல் எல்விஸ் பிரெஸ்லி லப்பக்குக்கு வந்து பாடியபோது அதே மேடையில் நம்ம பட்டியும் நண்பரோடு பாடினார். அதற்குப் பிறகு அவர் பழைய மாதிரி பாடவே இல்லை.

இங்கே எனக்குப் பிடித்த ஒரு விஷயம். அண்ணன் லாரிக்குத் தொழில், டைல்ஸ் போடுவது. பட்டியும் அண்ணனோடு போய் முழங்கால் போட்டு டைல்ஸ் பதித்திருக்கிறார். அந்த அண்ணன் கொடுத்த கடனில்தான் ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்கிற எலெக்ட்ரிக் கிதாரை வாங்கினார். பின்னாளில் அவரை நினைத்தாலே அந்தக் கிதாரும் சேர்ந்துதான் நினைவுக்கு வரும்.

இதைப் படித்ததும் எனக்கு வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. எங்க அப்பாவும் டைல்ஸ் வேலைதான். சனி, ஞாயிறு நானும் கூடப் போவேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டினது நான்தான் முதல் ஆள். ஆத்தா கைநாட்டு. அப்பாவுக்குப் பெயரை எழுதத் தெரியும், அவ்வளவுதான். என்னை இங்கே சேர்க்கும்போது ஒருவரிடம் கடன் வாங்கினார். பூர்த்தி செய்யாத புரோநோட்டில் காட்டின இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில்தான் நின்றேன். மார்க் ஷீட் வைத்திருந்த ப்ளாஸ்டிக் கவரைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். ஆறு மாதம் கழித்து அந்தப் பேப்பரில் வாங்கினதைப் போல இரண்டு பங்கு தொகை எழுதியிருந்தது. அதைச் சத்தம் போட்டுப் படித்துக் காட்டினது நான்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கரண்டியைக் கழுவிக்கொண்டே இருந்தார். அதனால் பட்டி ஹாலியின் கதையில் கையெழுத்து வருகிற இடமெல்லாம் நான் கொஞ்சம் நின்றுதான் போவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கையெழுத்து 1956-இல். டெக்கா என்கிற பெரிய இசைத்தட்டுக் கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியது. பட்டிக்கு வயது 19. ஒப்பந்தத்தை டைப் அடித்தவர் பெயரில் அந்த ஐந்தாவது எழுத்தை விட்டுவிட்டார். ஈ பறந்துவிட்டது! திருத்தச் சொல்லி யாரும் மல்லுக்கு நிற்கவில்லை. அன்றிலிருந்து உலகத்துக்கு அவர் ஐந்தெழுத்து ஹாலிதான்.

எழுத்து போனால் போகட்டும். உள்ளே இருந்த ஒரு நிபந்தனைதான் வினையாகப் போனது. டெக்காவுக்காகப் பதிவு செய்த பாட்டை, அது வெளிவந்தாலும் வராவிட்டாலும், ஐந்து வருடத்துக்கு வேறு யாருக்கும் பாடிப் பதிவு செய்யக் கூடாது. நாஷ்வில் நகரத்து ஸ்டுடியோவில் அவர்கள் சொன்னபடி பாடினார். ஒன்றும் எடுபடவில்லை. அங்கே பாடியதில் ஒன்று 'தட்டில் பீ தி டே'. ஜான் வேய்ன் நடித்த ஒரு கௌபாய்ப் படத்தில் அந்தக் கதாநாயகன் அடிக்கடி சொல்லும் வசனத்தை வைத்து, பட்டியும் டிரம் வாசிக்கும் நண்பர் ஜெர்ரி ஆலிசனும் சேர்ந்து எழுதியது. அதைக் கம்பெனி அப்போது வெளியிடவில்லை. 1957 ஜனவரியில் ஒப்பந்தத்தையும் புதுப்பிக்கவில்லை. அதாவது ஆள் வேண்டாம், ஆனால் அவன் பாட்டு எங்கள் அலமாரியில்தான் தூங்கும்!

வேறு யாராக இருந்தாலும் அண்ணனோடு டைல்ஸ் போடப் போயிருப்பார்கள். பட்டி அடுத்த மாநிலமான நியூ மெக்ஸிகோவில் குளோவிஸ் என்ற சின்ன ஊருக்கு வண்டியை விட்டார். ஏறத்தாழ 160 கிலோமீட்டர். அங்கே நார்மன் பெட்டி என்பவர் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருந்தார். மற்ற ஸ்டுடியோக்களில் மணிக்கணக்கில் வாடகை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட வேண்டும். பெட்டியிடம் பாட்டுக்கு இவ்வளவு என்று கணக்கு. ராத்திரி முழுக்க முயற்சி செய்தாலும் அதே காசுதான். 1957 பிப்ரவரி 25-ஆம் தேதி அங்கே 'தட்டில் பீ தி டே' பாட்டை மறுபடியும் பதிவு செய்தார்கள்.

அப்போ நிபந்தனை? மூன்று நாள் கழித்து டெக்கா கம்பெனி நிர்வாகிக்கு பட்டி போன் போட்டார். என் பாட்டை எனக்கே தாருங்கள் என்று கேட்டார். அவர் மறுத்துவிட்டார். இருபது வயதுப் பையன், அந்தப் பேச்சு முழுவதையும் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுப் பதிவு செய்து வைத்துக்கொண்டான்! அந்தப் பதிவு இன்றைக்கும் இருக்கிறது. முதல் முறை படிக்காமல் விட்டதற்கு இரண்டாம் முறை எத்தனை உஷார் பாருங்கள்.

பிறகு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். தட்டில் பட்டி ஹாலி பெயர் இருந்தால்தானே சிக்கல்? குழுவுக்கு ஒரு பெயர் வைத்து வெளியிட்டால்? ஒரு கலைக்களஞ்சியத்தை எடுத்துவைத்துப் பூச்சிகள் பக்கத்தைப் புரட்டினார்கள். வண்டுகள் என்று பொருள் வரும் பீட்டில்ஸ் கூடப் பரிசீலனைக்கு வந்ததாம், வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் சில்வண்டு அகப்பட்டது. கிரிக்கெட்ஸ்! நம் விளையாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 1957 மே மாதம் தட்டு வெளிவந்தது, செப்டம்பரில் அமெரிக்காவில் முதலிடம். வெளியிட்டது பிரன்ஸ்விக் என்ற நிறுவனம். அது யாருடைய கிளை தெரியுமா? அதே டெக்காவுடையது! தாங்கள் அலமாரியில் பூட்டிய பாட்டு தங்கள் கிளைக்கடையிலேயே அமோகமாக விற்றால் யாரிடம் போய் வழக்குப் போடுவது?

அந்த குளோவிஸ் ஸ்டுடியோவைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். நம் மாதிரி லேபில் உபகரணம் பற்றவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் கேட்க வேண்டிய கதை. எதிரொலி வேண்டும் என்று பக்கத்துக் கட்டடத்தின் மாடியில் ஒரு காலி அறையை ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒலியை ஸ்பீக்கர் வழியாக அந்த அறைக்குள் விட்டு, அங்கே மைக் வைத்துத் திரும்பப் பிடிப்பது. 'பெகி சூ' என்ற பாட்டில் டிரம் சத்தம் அலை மாதிரி ஏறி இறங்கும். வாசிப்பவர் ஒரே சீராகத்தான் வாசிக்கிறார். கன்ட்ரோல் அறையில் எதிரொலியைத் திறந்தும் மூடியும் அந்த அலையை உண்டாக்கியிருக்கிறார்கள். 'எவ்ரிடே' என்ற பாட்டில் டிரம்மே கிடையாது. ஆலிசன் தன் இரண்டு தொடையிலும் தட்டுகிறார், அதுதான் தாளம். 'நாட் ஃபேட் அவே' பாட்டில் காலி அட்டைப் பெட்டி! செல்போனில் இயர்போன் போட்டுக் கேட்டுப் பாருங்கள், அட்டைப் பெட்டி என்று தெரிந்த பிறகு சிரிப்பு வரும். இன்னொரு வேடிக்கை. ஒரு பாட்டுப் பதிவின்போது நிஜமான சில்வண்டு ஒன்று அந்த எதிரொலி அறைக்குள் புகுந்துவிட்டது. பாட்டு முடிகிற இடத்தில் அது கத்துவதும் சேர்ந்து பதிவாகி, அப்படியே தட்டிலும் வந்துவிட்டது. குழுப் பெயருக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று அழிக்காமல் விட்டார்கள்.

அடுத்த ஒரு வருடம் வேகமாக ஓடியது. நியூயார்க்கில் கறுப்பின ரசிகர்கள் நிறைந்த அப்போலோ அரங்கில் ஏறிப் பாடினார்கள். முதலில் அமைதியாக இருந்த கூட்டம் போகப்போக அவர்களை ஏற்றுக்கொண்டது. 1958 தொடக்கத்தில் ஆஸ்திரேலியா, மார்ச்சில் இங்கிலாந்து. கிதார், பேஸ், டிரம், பாட்டையும் தாங்களே எழுதுவது என்ற அந்த அமைப்பை இங்கிலாந்துப் பையன்கள் கண்கொட்டாமல் பார்த்தார்கள். லிவர்பூல் நகரத்தில் ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி என்ற இரண்டு பேர் 1958-இல் முதன்முதலாகக் காசு கொடுத்து ஒரு தட்டுப் பதிவு செய்தபோது பாடியது 'தட்டில் பீ தி டே' பாட்டைத்தான். பின்னால் அவர்கள் குழுவுக்குப் பெயர் வைத்தபோது சில்வண்டைப் பார்த்துத்தான் வண்டைப் பிடித்தார்கள். பீட்டில்ஸ்!

கண்ணாடியைச் சொல்லாமல் விட்டால் தப்பு. பட்டிக்குப் பார்வை ரொம்ப மோசம். பாடகன் கண்ணாடி போட்டால் எடுபடாது என்ற காலத்தில், முதலில் மெல்லிய ஃபிரேம் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார். கடைசியில் அவருடைய கண் மருத்துவர் யோசனைப்படி, மறைக்கத்தான் முடியாதே என்று, கட்டிக் கறுப்பு ஃபிரேமாகவே போட்டுக்கொண்டார். சோடாபுட்டி என்று கேலி கேட்டு வளர்ந்தவர்கள் (நானும் உண்டு) அவர் படத்தை ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

1958 ஜூனில் நியூயார்க்கில் ஓர் இசைப் பதிப்பகத்துக்குப் போனார். வரவேற்பு மேசையில் மரியா எலெனா என்ற பெண். பிறந்தது போர்ட்டோ ரிக்கோ தீவு. அன்று இரவு சாப்பிடக் கூட்டிப்போனவர், அந்த முதல் சந்திப்பிலேயே கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்டுவிட்டார். ஆகஸ்ட் 15-ஆம் தேதி லப்பக்கில் கல்யாணம். நாம் கொடி ஏற்றும் நாள்!

இனி இரண்டாவது கையெழுத்துக்கு வருகிறேன். நார்மன் பெட்டி ஸ்டுடியோ முதலாளியாக மட்டும் நிற்கவில்லை. மானேஜரும் ஆனார். பாட்டு எழுதியவர் வரிசையில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். பதிப்புரிமை அவர் கம்பெனிக்கு. வரும் பணமெல்லாம் அவர் கையாளும் கணக்கில். நம் தமிழில் அவர் பெயரைச் சொன்னாலே விளங்கிவிடும், பணம் பெட்டிக்குள் போனது, சாவியும் பெட்டியிடம். பையன்களுக்கு இதெல்லாம் சரி என்று தோன்றியது. பாட்டு போடுகிறார்கள், ஊர் சுற்றுகிறார்கள், கணக்கு யாரோ பெரியவர் பார்க்கிறார். ஒரு விஷயம் மட்டும் சொல்ல வேண்டும். பெட்டியை வெறும் வில்லனாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து அந்தச் சத்தத்தைச் செதுக்கினதில் அவருக்குப் பங்கு இருக்கிறது. அவர் கிடைக்காமல் போயிருந்தால் பட்டி ஹாலி என்றொருவரை நாம் கேட்டிருக்கவே மாட்டோம். எங்களுக்குக் கடன் கொடுத்தவர்கூட, அன்றைக்குக் கொடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு நான் இந்த மலரில் எழுத முடியாது. இதை எப்படி நேர் செய்வது என்று எனக்குப் புரியவில்லை.

1958 கடைசியில் பட்டி கணக்குக் கேட்டார். பிரிவினை வந்தது. நண்பர்கள் இரண்டு பேரும் பெட்டி பக்கம் தங்கிவிட்டார்கள். அவருடைய பாட்டு உலகம் முழுக்க ரேடியோவில் பாடிக்கொண்டிருக்கிறது, அவருடைய பணம் வழக்குப் பேச்சில் முடங்கிக் கிடக்கிறது. நியூயார்க்கில் வீட்டு வாடகை கட்ட வேண்டும். மனைவி கருவுற்றிருந்தார். அந்த வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, தனியாக ஒரு கிதாரோடு புதுப்பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தார். அப்போதுதான் குளிர்காலச் சுற்றுப்பயணம் ஒன்று வந்தது. காசு வேண்டுமே, ஒத்துக்கொண்டார்.

1959 ஜனவரி 23-ஆம் தேதி புறப்பட்ட பயணம். 24 நாளில் 24 ஊர். வரைபடத்தைப் பார்த்தால் போட்டவனைக் கேட்கத் தோன்றும். அடுத்தடுத்த ஊராகப் போகாமல் முன்னும் பின்னுமாக, ஒரு ராத்திரியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். பஸ்ஸோ ஓட்டை. பூஜ்யத்துக்கு 30 டிகிரி கீழே போகிற குளிரில் ஹீட்டர் வேலை செய்யாது. ஒன்று நின்றால் இன்னொரு பஸ், அதுவும் நின்றால் இன்னொன்று. ஒரு ராத்திரி காட்டுப் பாதையில் எஞ்சின் உறைந்து நின்றுவிட, உள்ளே இருந்தவர்கள் நியூஸ் பேப்பரைக் கொளுத்திக் குளிர் காய்ந்தார்கள். டிரம் வாசித்தவருக்குக் கால் பனியில் மரத்துப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பனியில் கால் வெந்துபோகும் என்பதை நான் முதலில் நம்பவில்லை.

பிப்ரவரி 2-ஆம் தேதி அயோவா மாநிலத்தில் கிளியர் லேக் என்ற ஊர். நிகழ்ச்சி முடிந்ததும் அடுத்த ஊருக்கு ஏறத்தாழ 600 கிலோமீட்டர் அதே பஸ்ஸில் போக வேண்டும். பட்டி வெறுத்துப்போய் ஒரு சின்ன விமானத்தை வாடகைக்குப் பேசினார். தலைக்கு 36 டாலர். முன்னாடியே போய் நன்றாகத் தூங்கலாம், அழுக்குத் துணி வெளுக்கலாம். ஆம், துணி வெளுக்கிறதும் ஒரு காரணம். ஹாஸ்டலில் இருப்பவர்களுக்கு இது புரியும். விமானியோடு சேர்த்து நாலு பேர் உட்காரலாம். பேஸ் வாசித்த வேலன் ஜென்னிங்ஸ், ஃப்ளூ காய்ச்சலில் இருந்த ஜே.பி. ரிச்சர்ட்சனுக்குத் தன் இடத்தைக் கொடுத்தார். இன்னொரு இடத்துக்குக் காசு சுண்டிப் போட்டதில் 17 வயதுப் பாடகர் ரிச்சி வேலன்ஸ் ஜெயித்தார். ஜெயித்தார் என்று எழுதவே கை வரவில்லை.

ராத்திரி ஒரு மணிக்குச் சற்று முன்னால் விமானம் கிளம்பியது. விமானிக்கு வயது 21. வெளியே நிலா இல்லை, விளக்கு இல்லை, லேசாகப் பனி. பூமி எது வானம் எது என்று கண்ணால் தெரியாது. கருவியைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். அந்த விமானிக்குக் கருவிகளை மட்டும் நம்பி ஓட்டுகிற தகுதிச் சான்று இல்லை.

இங்கேதான் எங்கள் சார் வரைந்த வட்டம். அப்பாவிடம் ஒரு ரசமட்டம் இருக்கிறது. புதிதாக வேலைக்கு வருகிற பையனிடம் கொடுத்தால் குமிழி போகிற பக்கம் தாழ்ந்திருக்கிறது என்று நினைத்து அந்தப் பக்கமே கலவையை ஏற்றுவான். குமிழி மேடான பக்கம் அல்லவா போகும்! நானும் அப்படி ஒரு பாத்ரூம் தரையைக் கெடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். விமானத்தில் மூக்கு மேலே போகிறதா கீழே போகிறதா என்று காட்ட இதே மாதிரி ஒரு கருவி உண்டு. அந்த விமானி பழகிய வகையில் ஒரு கோடு தொடுவானமாக நகரும். அன்றைக்கு அவர் ஏறிய விமானத்தில் இருந்தது ஸ்பெர்ரி எஃப் 3 என்ற வேறு வகை. ஏற்ற இறக்கத்தை அது பழைய கருவிக்கு நேர் எதிராகக் காட்டும். இறங்கும்போது ஏறுவதாகத் தோன்றலாம். விமானம் விமான நிலையத்திலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில், வலது இறக்கை சாய்ந்தபடி, முழு வேகத்தில் ஒரு சோளக்காட்டில் மோதியது. நாலு பேரும் அங்கேயே இறந்தார்கள். விடிந்து ஒன்பதரை மணி அளவில்தான் சிதைவையே பார்த்தார்கள்.

அரசாங்க விசாரணை அறிக்கை அந்த வருடமே வந்தது. தகுதி இல்லாத விமானி கருவியை நம்பி ஓட்ட வேண்டிய வானிலையில் கிளம்பியது முதல் காரணம். வரவிருந்த மோசமான வானிலை பற்றிய எச்சரிக்கைகளை அவரிடம் யாரும் சொல்லாததும், அந்தக் கருவி அவருக்குப் பழக்கம் இல்லாததும் துணைக் காரணங்கள். மனைவிக்குத் தகவல் யாரும் போய்ச் சொல்லவில்லை. செய்தியாகத்தான் தெரிந்தது. அந்த அதிர்ச்சியில் வயிற்றில் இருந்த கருவும் கலைந்துபோனது. கல்யாணமாகி ஆறு மாதம்கூட முடியவில்லை.

முதல் பாட்டு முதலிடத்துக்கு வந்ததிலிருந்து கணக்குப் போட்டால் பதினேழு மாதம் கூட இல்லை. நம் டிப்ளமோவில் மூன்று செமஸ்டர்.

அவர் வீட்டில் தனியாகப் பாடிவைத்த டேப்புகளுக்குப் பிற்பாடு பின்னணி இசை சேர்த்துத் தட்டுகளாக வெளியிட்டார்கள். அந்த வேலை சில வருடம் கழித்து யாரிடம் போனது என்று நினைக்கிறீர்கள்? நார்மன் பெட்டியிடமே! பாட்டுகளின் பதிப்புரிமை 1970-களில் பால் மெக்கார்ட்னியின் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. லிவர்பூலில் காசு கொடுத்துப் பாடிய பையன் அந்தப் பாட்டுக்கே சொந்தக்காரர் ஆனார்.

அந்தக் கறுப்புக் கண்ணாடி என்ன ஆனது? பனி உருகியபோது சோளக்காட்டில் அகப்பட்டிருக்கிறது. ஒரு கவரில் போட்டு அந்த மாவட்ட நீதிமன்றக் கட்டடத்தில் வைத்தவர்கள் மறந்தே போனார்கள். 1980-இல் பழைய காகிதங்களைக் கிளறும்போது கவரோடு கிடைத்தது. இருபத்தோரு வருடம்! இப்போது அது லப்பக்கில் இருக்கிறது. அங்கே ஒரு பழைய ரயில் நிலையத்தைச் செப்பனிட்டு 1999-இல் அவர் பெயரில் ஓர் அருங்காட்சியகம் திறந்தார்கள். வாசலில் ஒரு பெரிய கண்ணாடிச் சிற்பம். உள்ளே அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர், சட்டைகள், சுற்றுப்பயண அட்டவணைகள், பள்ளிக்கூட வீட்டுப்பாடம், மதிப்பெண் அட்டை, அப்புறம் கம்பெனிகளோடு போட்ட ஒப்பந்தங்கள். நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். பார்வை இல்லாதவன் போட்ட கண்ணாடியும், அவன் கையெழுத்துப் போட்ட காகிதமும் ஒரே கூரையின் கீழ். ராக் அண்ட் ரோல் முன்னோடிகளுக்கென்று மரியாதை செய்யத் தொடங்கியபோது, 1986-இல், முதல் வரிசையிலேயே எல்விஸோடு இவர் பெயரும் சேர்ந்தது.

எங்கள் கணக்கில் இன்னும் ஒன்பது தவணை இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் கட்டிவிட்டு ரசீது வாங்கி, தேதி, தொகை, கையெழுத்து மூன்றையும் படித்துப் பார்த்த பிறகுதான் கடையை விட்டு வெளியே வருகிறேன். அப்பா வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

லப்பக் நகரத்துக் கல்லறைத் தோட்டத்தில் பட்டி ஹாலியைப் புதைத்திருக்கிறார்கள். தரையோடு பதித்த கல், டைல்ஸ் மாதிரி மட்டமாக. அதில் ஒரு கிதார் செதுக்கியிருக்கிறது. பெயரை வீட்டார் சொல்லித்தான் வெட்டியிருக்க வேண்டும். போட்டோவைப் பெரிது பண்ணிப் பார்த்தேன். ஆறு எழுத்து. ஐந்தாவது இடத்தில் ஈ இருக்கிறது.